ஞாயிற்றுக்கிழமை சைரன்

என் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதன் மேல் ஆறு வருடமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். முட்டியில் அடிபட்டால் ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரிதான். பழசு அழுக்கானால் புதுசு. அந்தக் குமிழை யாராவது அசைத்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிராங்கிளினுக்கு மட்டும் இரண்டு தடவை தெரியப்படுத்த வேண்டியிருந்தது.

விஷயம் என்னவென்றால், நாங்கள் வாசிக்கிற சுருதி உலகத்தில் வேறு எந்த வாத்தியத்திலும் கிடையாது. ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கும் நடுவில், சந்துக்குள் ஸ்கூட்டரைச் சொருகி நிறுத்தின மாதிரி நிற்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பாய்லர் கம்பெனி இருக்கிறது. அங்கே மதியம் இரண்டு மணிக்கு, முதல் ஷிப்ட் முடிகிறபோது ஒரு சைரன் ஊதும். அந்தச் சைரனின் சுருதிதான் எங்கள் சுருதி. வேறு குழுக்காரர்கள் யாராவது ஆசைப்பட்டு எங்களோடு ஒரு பாட்டு வாசிக்க வந்தால், அரை நிமிஷத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.

நாங்கள் நாலு பேர். கீபோர்டுக்கு நான், ஜூடி. ராயபுரத்துக்காரி, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க கன்டெய்னர் நம்பர் டைப் அடிக்கிறவள். பேஸ் கிட்டாருக்கு பிராங்கிளின். கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுகிற வேலை அவனுக்கு. அதே பலத்தோடுதான் கிட்டார் கம்பியையும் இழுப்பான். டிரம்ஸுக்கு அப்சல், தண்டையார்பேட்டைக்காரர், திருவொற்றியூரில் லாரி பேட்டரி கடை வைத்திருக்கிறார். பாடுவதற்கு சிலுவையம்மாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற டெய்லர், வயது நாற்பத்தொன்பது. எங்களுக்கு அவள் சிலுவக்கா.

நாங்கள் பாடுவது ஸோல் மியூசிக். ராயபுரத்தில் ஸோலா என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது, இருந்தாலும் ஒரு தடவை சொல்கிறேன். கோயிலில் பாடுகிற பாட்டு வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்து, சொந்தக் கஷ்டத்துக்காக அழுதால் அது ஸோல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கப்பல் சமையல்காரர் ஒருவர் பிராங்கிளினுக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நூற்றுநாற்பது பாட்டு. ஒன்றுக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். அக்கா அவற்றைத் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு மாசம் கழித்து எங்களிடம் வந்து, இதே தினுசில் தானும் கொஞ்சம் கட்டியிருப்பதாகச் சொன்னாள். கட்டின பாட்டுக்கும் நம்பர்தான் வைத்தாள், நூற்றுநாற்பத்தொன்றிலிருந்து.

அதில் நூற்றுநாற்பத்தேழு தண்ணீர் லாரியைப் பற்றியது.

'வரேன்னு சொன்ன லாரியே, வராம எங்க நின்னுட்ட,
குடமெல்லாம் வாயப் பொளந்து கெடக்குதே' என்று ஆரம்பிக்கும். படித்தால் சிரிப்பு வரும். அக்கா நேரில் நின்று பாடினால் சிரிப்பு வராது. அப்சலின் தங்கை ஜஸீமா கல்யாணத்தில் அவள் இதைப் பாடியபோது பிரியாணி மாஸ்டர் தம் போட்ட தேக்சாவை அப்படியே விட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக மேடைக்குக் கீழே வந்து நின்றார். அடி பிடித்துவிட்டது. முந்நூறு பேர் தீய்ந்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். தண்டையார்பேட்டையில் அப்படி நடந்ததே இல்லை என்று அப்சல் இன்றைக்கும் சொல்வார்.

அதே பாட்டை நாங்கள் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். அது நாங்கள் வாழ்க்கையில் செய்த மடத்தனம். ஒரு கண்ணாடி அறைக்குள் அக்காவை நிற்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். யாரிடம் பாடுவது என்று அக்கா கேட்டாள். மைக்கிடம் பாடுங்கள் மேடம் என்றார் இன்ஜினியர். அக்காவும் மைக்கிடம், ரேஷன் கடை போர்டைப் படிக்கிற மாதிரி பாடிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த மனுஷன் சுருதி விலகியிருக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டரில் அவள் குரலைப் பிடித்து இழுத்து, எல்லோரும் பாடுகிற சுருதியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். என் பிளாஸ்திரிக்கு மரியாதையே இல்லை. யூடியூபில் போட்டோம். ஒரே ஒரு கமென்ட் வந்தது. 'ஆன்ட்டி நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார்.'

இனி அருள்நாதன் மாமா. அக்காவின் புருஷன். அந்த பாய்லர் கம்பெனியில் பிளேட் தட்டுகிற பிரிவில் முப்பத்துநாலு வருடம். ராட்சத இரும்புத் தகடுகளை எந்திரச் சுத்தியல் தட்டிக்கொண்டே இருக்கிற இடம் அது. காது போய்விட்டது. நாம் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், மீதியைத் தானாகவே முடிவு செய்துகொள்வார். தன் குரலே தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொல்வார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியாரே வெளியே இருப்பவர்களைத் தள்ளிப்போய் நிற்கச் சொல்வார். அவர் காதில் இன்னும் விழுகிற ஒரே சத்தம் அந்த இரண்டு மணி சைரன்தான். அது ஊதினால் மட்டும் தலை தானாகத் திரும்பும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, பங்குக் கோயில் திருவிழாவில் அக்கா பாடுவதைக் கேட்க மாமா வந்தார். புதுச் சட்டை, முதல் வரிசை. இரண்டே இரண்டு சின்ன ஸ்பீக்கர். அக்கா உயிரைக் கொடுத்துப் பாடினாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மாமா தூங்கிவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒருத்தர் வாயைத் திறந்து திறந்து மூடுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது. ஆனால் அக்கா அதை மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரமே சைரன் சுருதிக்கு மாறச் சொன்னாள். நான் கத்தினேன். இருக்கிற பன்னிரண்டு சுருதியில் ஒன்று கூடவா உனக்குப் பிடிக்கவில்லை என்றேன். மூன்று மாசம் கழித்து, இருவரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்துக்கொண்டே காரணத்தைச் சொன்னாள்.

"அவரு காதுல இன்னும் பாக்கி கீறது அது ஒண்ணுதான் ஜூடி. அது பக்கத்துல போயி நின்னுகினா, என்னிக்காவது என்னியும் கண்டுக்குவாரு."

அதற்குப் பிறகுதான் நான் பிளாஸ்திரி வாங்கினேன்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைதான். அப்சல் கடை மொட்டைமாடியில். கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே. கடைக்குப் பின்னால் பள்ளிவாசல் இருப்பதால் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கம்பெனிப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே காது போயிருக்கும் என்பது எங்கள் எண்ணம். சரியாக இரண்டு மணிக்கு சைரன் ஊதும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதே சுருதியில் குரலைச் சேர்ப்பாள். சைரன் நிற்கும். அக்கா நிற்க மாட்டாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே மெல்ல வளைத்து, இறக்கி, பாட்டுக்குள் கொண்டுபோவாள்.

மாமாவை மட்டும் அவள் மறுபடி கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு முதல் ஷிப்ட்தான். சைரன் ஊதினதும் கைரேகை வைத்துவிட்டு, பஸ் ஏறி ராயபுரம் போய்ப் படுத்துவிடுவார். மாடிக்குக் கூட்டிக்கொண்டு வா அக்கா என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்தேன். வந்து உட்கார்ந்து அன்றைக்கு மாதிரியே தூங்கிவிட்டால் அப்புறம் தன்னால் பாட முடியாது என்றாள்.

மாமாவுக்கு வேறொரு வழக்கு இருந்தது. கேட்டில் வேலப்பன் என்று ஒரு வாட்ச்மேன், சைரன் பொத்தானை அழுத்துவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலப்பன் சைரனைக் கண்டபடி இழுத்து அடிக்கிறார் என்பது மாமாவின் புகார். எவ்வளவு நேரம்தான் ஊதுவான், கடைசியில் வேறு வளைந்து வளைந்து அழுகிறது, கம்பெனி சைரனா அது, எழவு வீடா என்று கேட்பாராம். நாற்பது விநாடி, அதற்கு மேல் ஒரு விநாடி கூடக் கிடையாது என்று வேலப்பன் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிச் சத்தியம் செய்வார். ஒரு தடவை யூனியன் வரைக்கும் போனது. வெறுத்துப்போன வேலப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்தைந்து விநாடியாகக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் மாமாவுக்குத் திருப்தி இல்லை. இதையெல்லாம் அக்கா எங்களிடம் சொல்வாள், நாங்கள் சிரிப்போம். அந்தக் கம்பெனியில் மூளையும் தட்டையாகிவிடும் போலிருக்கிறது என்று பிராங்கிளின் சொல்வான்.

இந்த வருஷம் தை மாசம் காது டாக்டர், இருக்கிற கொஞ்சமும் வருஷக் கடைசிக்குள் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதோடு சைரனும் போகும். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அப்சல் கடைக்கு வந்து ஒரு பேட்டரி மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. கம்பெனியில் குடும்ப விழா வருகிறதாமே, அதில் நாம் பாட முடியுமா என்று மட்டும் கேட்டாள். பெரிய ஸ்பீக்கர் வைத்து, ஒரே ஒரு தடவை. அவருக்குக் கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் தையல் மிஷின் இருக்கிறது என்றாள்.

விழாவுக்குப் பொறுப்பு உதயா என்கிற ஒரு அதிகாரி. இருபத்தாறு வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன், போனில் சத்தத்தை அளக்கிற செயலி. விழாவில் பாட்டுச் சத்தம் அறுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது, தொழிலாளர் செவி நலன் முக்கியம் என்றான். முப்பத்துநாலு வருஷமாக எந்திரச் சுத்தியலுக்கு நடுவே ஆளை நிற்கவைத்துக் காதைத் தின்ற இடம், அக்கா பாடினால் காது கெட்டுவிடுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்சல் என் காலை மிதித்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. நேரடியாகப் பாடினால் நேரம் கூடிக் குறையும், எம்.டி. வருகிறார், ரிஸ்க் எடுக்க முடியாது, அதனால் யூடியூபில் இருக்கிற அந்தப் பாட்டையே போட்டுவிடுகிறோம், மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றான். அந்த ரேஷன் கடை போர்டு பாட்டை. பதினோரு வருஷமாக நாங்கள் மேடையில் வாசிக்கிறோம், ஒரு தடவை கூட வாயை மட்டும் அசைத்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவன் அடையாள அட்டையைக் கடித்துத் துப்பியிருப்பேன். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். மேடைக்குப் போனால் போதும் என்று அவளுக்கு.

அப்சல் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தடவினால் எங்கேயோ ஒரு பேட்டரி தயாராகிறது என்று அர்த்தம்.

விழா ஒரு சனிக்கிழமை. முதல் ஷிப்டை முடித்து, இரண்டு மணிக்குக் கைரேகை வைத்துவிட்டு எல்லோரும் பெரிய ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஐந்நூறு பேர் இருக்கும், குடும்பம் குட்டிகளோடு. ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு சமோசா, ஒரு லட்டு, செவி நலனுக்காக ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காதடைப்பான். பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை அதைச் சாக்லேட் என்று நினைத்து மென்றுகொண்டிருந்தது. அருள்நாதன் மாமா முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில், சாப்பாட்டு கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த விழாவானாலும் கேரியரைக் கீழே வைக்க மாட்டார். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுகிற வரிசையில் முப்பத்துநாலு வருஷமாக அவர்தான் முதல் ஆள், அந்தப் பழக்கம்.

நாலு மணிக்கு எங்கள் முறை வந்தது. உதயா கையை அசைத்தான். பாட்டு ஓடியது. அக்கா வாயை அசைத்தாள், நான் கட்டைகளைத் தொடாமல் விரலை ஆட்டினேன், பிராங்கிளின் கம்பிக்கு வலிக்காமல் தடவினான். அறுபத்திரண்டு டெசிபல். கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் சமோசாவைப் பார்த்தார்கள். எம்.டி. கொட்டாவி விட்டார். மாமா மட்டும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி மரியாதையாகச் சிரித்தபடி இருந்தார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை. அவள் உதடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கரில் அவள் குரல் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் குழந்தைகள் சிரித்தன, பிறகு மொத்த ஷெட்டும் சிரித்தது. உதயா ஓரத்தில் நின்று வாயை அசையுங்கள் மேடம் என்று தானே அசைத்துக் காட்டினான். பார்க்கப்போனால் அவன் எங்களைவிட நன்றாக அசைத்தான். அக்கா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை, அப்சலைப் பார்த்தாள். அப்சல் டிரம்ஸ் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு காலடியில் இருந்த ஒரு ஒயரை எடுத்து இன்னொரு ஒயரோடு சொருகினார்.

ஷெட்டின் பக்கவாட்டு ஷட்டருக்கு வெளியே அவருடைய குட்டியானை சரக்கு வண்டி பின்பக்கத்தை உள்ளே காட்டி நின்றது. அதில் தார்ப்பாய் போர்த்தி எங்கள் நாலு ஸ்பீக்கர் பெட்டிகள், எட்டு லாரி பேட்டரி. பேட்டரி டெலிவரி என்று சொல்லிக் கேட்டில் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா கண்ணை மூடினாள். சைரன் இல்லை, துணைக்கு எதுவும் இல்லை. ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் தொண்டையில் இருந்தன. அந்தச் சுருதியைக் கச்சிதமாகப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து நீளமாக எடுத்தாள். நாலு பெட்டியும் எடுத்தது, கம்பெனி ஸ்பீக்கரில் ஓடின பாட்டு அதற்குள் மூழ்கிப்போனது. தகரக் கூரை அதிர்ந்து புறாக்கள் பறந்தன. உதயாவின் போன் சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தது, அது கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது இருநூறு தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

எம்.டி. அதைப் பார்த்தார். மரியாதைக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து அவரும் எழுந்தார், பலமாகக் கைதட்டினார். அவர் எழுந்ததால் மேனேஜர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நானும் ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன், நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் பார்த்தேன், எழுந்தவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளை மறந்து வரிசையில் நகர ஆரம்பித்துவிட்டார்கள். உட்காருய்யா, அது அந்தம்மா பாடறாங்க என்று வீட்டுக்காரிகள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா குரலை வளைத்துப் பாட்டுக்குள் இறங்கினதும் அவர்களுக்கே புரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அசடு வழிந்தார்கள், உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு ஒருவரும் போனைத் தொடவில்லை. ஒரு முரட்டு வெல்டர் லாரி வராததற்காகக் கைக்குட்டையை எடுத்தார்.

ஓரத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

மாமா முதல் ஆளாயிற்றே. அவர் சட்டையைப் பிடித்து இழுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை, இழுக்க வேண்டியவள் மேடையில் இருந்தாள். வாசலைத் தாண்டி, கேரியரை ஆட்டிக்கொண்டு அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள், அந்த முதுகைப் பார்த்தாள். தூங்குவதாவது பரவாயில்லை, எழுந்தே போகிறார். அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, வரியை மாற்றினாள்.

'கேரியரைத் தூக்கினு எங்க போற,
இன்னிக்கி ஒரு நாளு நின்னாதான் இன்னா' என்று அவர் முதுகைப் பார்த்துப் பாடினாள். முன் வரிசைப் பெண்கள் எல்லோரும் திரும்பி அந்த முதுகை முறைத்தார்கள்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குமிழ் மேலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தேன். பாட்டுக்கு ஆதாரமான கட்டையை அமுக்கி, அதன் மேல் பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்டினேன். கீபோர்டு தானாக, அடியில் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. குமிழைத் தொட்டால் கொன்றுவிடுவேன் என்று பிராங்கிளினிடம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

கேட்டில் மாமா கைரேகை மிஷினோடு போராடிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கே வைத்துவிட்ட கட்டைவிரலை மிஷின் ஏற்கவில்லை, சிவப்பு விளக்கைக் காட்டியது. சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தார். பக்கத்தில் வேலப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பொத்தானுக்குப் பத்தடி தள்ளி நின்றார். மாமா அவரைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"யோவ் வேலப்பா, இன்னிக்கி சனிக்கெழமதானய்யா. இன்னாத்துக்கு நாயித்துக்கெழம சைரனை அடிக்கிற?"

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து நல்ல நிலைமையில் எட்டுக் காது. ஆறு வருஷமாக இந்த மனுஷன் சொல்லிக்கொண்டே இருந்தார். நீளமாக ஊதுகிறது என்றார், வளைகிறது என்றார், அழுகிறது என்றார். எட்டில் ஒரு காதுக்காவது உறைத்ததா? சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த இடத்திலேயே என்னை நாலு அறை விட வேண்டும்போல இருந்தது.

மாமாவிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தோளைப் பிடித்து ஷெட்டுப் பக்கம் திருப்பினேன். திறந்திருந்த வாசல் வழியாக மேடை நேராகத் தெரிந்தது. மேடையில் அக்கா. அவள் மூச்சு எடுக்க வாயை மூடினாள், அந்தப் பெரிய சத்தம் நின்றது. வாயைத் திறந்தாள், சத்தம் வந்தது. மாமா தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த சைரனை நிமிர்ந்து பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி சைரனைப் பார்த்தார். அக்கா மறுபடி வாயை மூடினாள், திறந்தாள்.

கட்டைவிரலை மிஷினிலிருந்து எடுத்தார்.

"நம்ப சிலுவையா?" என்றார். முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் தலையை ஆட்டினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். ஏதோ எண்ணுகிற மாதிரி விரலை மடக்கினார், ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் எண்ணினார் என்று நினைக்கிறேன், பாதியில் விட்டுவிட்டார். வேலப்பனிடம் போய் அவருடைய தூக்கின கைகள் இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். வேலப்பன் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியாது, ஆறு வருஷப் பழி இறங்கினால் யாருக்கும் அழுகை வரும்தான்.

மாமா ஷெட்டுக்குள் நடந்தார். நாற்காலிக்குப் போகவில்லை. நேராகக் குட்டியானைக்குப் போய், ஒரு பெட்டியை ஒட்டினாற்போல் நின்று, கேரியரைத் தரையில் வைத்தார். விழாவில் அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்நூறு பேரும் அவரையே பார்த்தார்கள். எம்.டி. இன்னும் உட்காரவில்லை, ஏன் நிற்கிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை. உதயா போனைப் பைக்குள் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அக்கா பாட்டை முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். மாமாவைப் பார்த்துக்கொண்டே, அதே சைரன் சுருதியில் கடைசிக் குரலைப் பிடித்து, மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தாள். ஷெட்டில் சத்தம் அடங்கி வருகிறபோது மாமா கையைத் தூக்கினார். தன் குரல் தனக்குக் கேட்காத மனுஷன், எப்போதும்போல் கத்தித்தான் சொன்னார்.

"சிலுவ, இன்னும் கொஞ்சம் நீட்டு."

அக்கா நீட்டினாள்.